கலவைப் பரிமாற்றச் சார்பகங்கள்: பொருளும் பெயரும்

அணுக்கள், மூலக்கூறுகள், திண்மங்கள் ஆகியவற்றின் பண்புகளைக் கணிப்பொறி வழியே கணக்கிடும் முறைகளுள் இன்று மிகுதியும் கையாளப்படுவது எலக்ட்ரான்களின் அடர்த்தியை அடிப்படையாகக் கொண்ட முறையாகும். அம்முறையில் 1993-இல் தோன்றிய ஒரு பிரிவின் ஆங்கிலப் பெயர் மூன்று சொற்களால் ஆனது. முதற்சொல் உயிரியலில் இருவேறு இனங்களின் சேர்க்கையைக் குறிப்பது. இரண்டாவது சந்தைக்கும் வங்கிக்கும் உரியது. மூன்றாவது கணிதத்துக்கு உரியதாயினும் மொழியியலாரிடையே முற்றிலும் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. அகராதி தரும் நேர்ச்சொற்களை அடுக்கினால் ‘கலப்பினப் பரிமாற்றச் செயல்பாடு’ என்ற தொடர் கிடைக்கும். அத்தொடரில் இலக்கண வழு இல்லை. ஆயினும் அதனைப் படிக்கும் வேதியியல் மாணவர், இரு எலக்ட்ரான்கள் எதையோ ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் ஒரு நிகழ்வைத்தான் மனத்தில் காண்பார். அப்படி ஒரு நிகழ்வு அங்கே இல்லை.

இக்கட்டுரை அம்மூன்று சொற்களும் குறிக்கும் கருத்துகளை முதலில் விளக்கி, அவ்விளக்கத்தின் துணைகொண்டு தமிழ்ச் சொற்களைத் தேர முயல்கிறது. சமன்பாடுகள் தவிர்க்கப்பட்டுள்ளன, எண்களை முற்றிலும் தவிர்க்க இயலவில்லை.

சார்பும் சார்பகமும்

பல எலக்ட்ரான்கள் கொண்ட ஓர் அமைப்பின் நிலையை விவரிப்பது ஷ்ரோடிங்கர் 1926-இல் வெளியிட்ட சமன்பாடு. அதன் தீர்வாகிய அலைச்சார்பு ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் மூன்று ஆயத்தொலைவுகளைக் கொண்டது. பத்து எலக்ட்ரான்கள் உள்ள நீர் மூலக்கூறுக்கு 30 ஆயத்தொலைவுகள் வேண்டும். 42 எலக்ட்ரான்கள் உள்ள பென்சீனுக்கு 126 வேண்டும். எலக்ட்ரான் அடர்த்தியோ எத்தனை எலக்ட்ரான்கள் இருப்பினும் மூன்று ஆயத்தொலைவுகளையே சார்ந்தது. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் எலக்ட்ரான்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்பதே அது. தாழ்நிலை ஆற்றலை இவ்வடர்த்தி ஒன்றே தீர்மானித்துவிடும் என்பதை ஹோஹன்பெர்க், கோன் ஆகிய இருவரும் 1964-இல் நிறுவினர். அதனைச் செய்முறைக் கணக்கீடாக மாற்றும் வழியைக் கோன், ஷாம் இருவரும் 1965-இல் காட்டினர். கோனுக்கு 1998-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, கணக்கீட்டு வேதியியலில் தொண்டாற்றிய பாப்பிளுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

அடர்த்தி என்பது ஒரு சார்பு: ஒரு புள்ளியைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் தரும். ஆற்றல் அவ்வாறு ஒரு புள்ளியைச் சார்ந்ததன்று. அடர்த்தி என்னும் சார்பு முழுவதையும் ஒருசேர எடுத்துக்கொண்டு ஓர் எண்ணைத் தருவது. இவ்வேறுபாட்டை மொழியியலார்க்குப் பழக்கமான சான்று ஒன்றால் விளக்கலாம். ஒரு வாக்கியத்தை ஒருவர் சொல்லும்போது ஒவ்வொரு கணத்திலும் குரலின் சுருதி மாறுகிறது. கணத்தைக் கொடுத்தால் சுருதியைத் தரும் அவ்வளைகோடு ஒரு சார்பு. அவ்வளைகோடு முழுவதையும் நோக்கி ‘இவ்வாக்கியத்தின் சராசரிச் சுருதி இவ்வளவு’ என்றோ, ‘உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையுள்ள வீச்சு இவ்வளவு’ என்றோ ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண்ணைத் தரும் விதியே இங்குப் பேசப்படுவது. ஏதேனும் ஒரு கணத்தை மட்டும் பார்த்து அதனைச் சொல்ல இயலாது.

ஐரோப்பிய மொழிகள் இவ்விரண்டாவது கருத்துக்கு முதலாவதன் பெயரடையையே பெயராக்கிக்கொண்டன. கணிதவியலார் ஹதமார் பிரெஞ்சு மொழியில் ‘ஃபோங்க்சியோன்’ என்பதிலிருந்து ‘ஃபோங்க்சியோனெல்’ என்பதை இவ்வாறு அமைத்தார். செருமானியமும் உருசியமும் இதே வழியைப் பின்பற்றின. இந்தியில் ‘ஃபலன்’ என்பதோடு ‘க’ விகுதி சேர்த்து ‘ஃபலனக்’ எனப்பட்டது. சீனமும் சப்பானியமும் வேறு வழியில் சென்றன. சீனத்தில் சார்பு ‘ஹான்ஷு’. அதன் ‘ஹான்’ என்னும் உறுப்பின் முன் ‘பரந்த’ எனப் பொருள்படும் ‘ஃபான்’ என்பதைச் சேர்த்து ‘ஃபான்ஹான்’ என்றனர். சப்பானியம் ‘கன்சூ’ என்பதன் முன் அதே எழுத்தைத் தன் ஒலிப்பில் சேர்த்து ‘ஹன்கன்சூ’ என்றது. பெயரடை, பெயர் எனும் பிரிவை நம்பாது பொருளை நோக்கிச் சொல்லாக்கம் செய்த இவ்வழி தமிழுக்கு நெருக்கமானது.

தமிழில் முதலில் மனத்தில் எழும் ‘செயல்பாடு’ என்னும் சொல் பொருந்தாது. மொழியியலில் ‘செயல்பாட்டு இலக்கணம்’ என்னும்போது உள்ள பொருளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வேதியியலிலோ ‘வினைச்செயல் தொகுதி’ என்னும் தொடர் ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் போன்ற அணுத்தொகுதியைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டது. ‘சார்பு’ என்பதிலிருந்து ‘சார்பியல்’ எனப் பெறலாம் என்றால் அதற்கு ஐன்ஸ்டைனின் கோட்பாடு உரிமை கொண்டாடும். ‘சார்பின் சார்பு’ என்பது நுண்கணிதப் பாடத்தில் ஒரு சார்பை மற்றொரு சார்பினுள் இடுவதைக் குறிப்பது. அங்கு விடையும் ஒரு சார்பே ஆகையால் அது கருத்தளவிலேயே பிழை. ‘சார்பியம்’ என்பதன் ‘இயம்’ விகுதி பெண்ணியம், மார்க்சியம் போலக் கொள்கையை நினைவூட்டும். ‘சார்பெண்’ என்பது பொருளால் மிகப் பொருந்தும். ஆனால் ‘சார் பெண்’ எனப் பிரித்துப் படிப்பதைத் தடுக்க வழியில்லை.

எஞ்சுவனவற்றுள் ‘சார்பகம்’ என்பது தேறக்கூடியது. ‘அகம்’ என்பது உள், இடம் எனப் பொருள்தருவதால், சார்பு ஒன்றைத் தன்னுள் ஏற்பது என்ற கருத்துக்கு அது இடந்தருகிறது. வேற்றுமை உருபுகளையும் தொகைகளையும் இடரின்றி ஏற்கிறது: சார்பகத்தின், சார்பகங்களால், அடர்த்திச் சார்பகக் கோட்பாடு. இதற்கும் ஒரு குறை உண்டு. ‘அடர்த்திச் சார்பக’ என்று வருமிடத்தில் மெய்ப்புத் திருத்துவோர் நல்லெண்ணத்துடன் ஒரு துணைக்கால் சேர்த்துச் ‘சார்பாக’ என்று ஆக்கிவிடக்கூடும். பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் இவ்விடர் இல்லை.

எதைப் பரிமாறுகின்றன?

இரு எலக்ட்ரான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாது. ‘இது முதலாவது, அது இரண்டாவது’ என்று நாம் இடும் எண்கள் கணக்கின் வசதிக்காக இடப்படுவனவே. ஆகவே அவ்வெண்களை இடம்மாற்றி எழுதினாலும் அளக்கத்தக்க எதுவும் மாறக்கூடாது. அலைச்சார்பு மட்டும் குறி மாறும்: மிகை குறையாகும், குறை மிகையாகும். 1926-இல் ஹைசன்பெர்க், டிராக் ஆகியோர் தனித்தனியே இதன் விளைவுகளை ஆராய்ந்தனர். 1929-இல் ஸ்லேட்டர் இக்குறிமாற்றத்தைத் தானாகவே நிறைவேற்றும் அணிக்கோவை வடிவத்தை அளித்தார். அணிக்கோவையில் இரு நிரைகளை மாற்றினால் குறி மாறும். இரு நிரைகள் ஒன்றாகவே இருந்தால் மதிப்பு சுழியாகும். ஒரே நிலையில் இரு எலக்ட்ரான்கள் இருத்தல் இயலாது என்ற பாலியின் தவிர்ப்பு விதி இதனுள் அடங்கிவிடுகிறது.

இவ்வடிவத்தைக் கொண்டு எலக்ட்ரான்களிடையேயான விலக்கு ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டு பகுதிகள் கிடைக்கின்றன. முதற்பகுதி, மின்னூட்டம் பெற்ற இரு முகில்கள் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றல். இதனை எளிதில் உருவகிக்கலாம். இரண்டாம் பகுதி, எண்களை இடம்மாற்றி எழுதிய உறுப்பிலிருந்து வருவது. இதற்கு முகில் உருவகம் இல்லை. இதுவே பரிமாற்ற ஆற்றல். எனவே பரிமாறப்படுவது பண்டமன்று, பெயர்க்குறி. பரிமாற்றம் நிகழும் காலம் என்றும் ஒன்றில்லை. ஒரு வாய்பாட்டில் உருவங்களை மாற்றிப் பார்த்து எது மாறுகிறது, எது மாறவில்லை என்று காணும் ஒலியனியல் சோதனையை இதனோடு ஓரளவு ஒப்பிடலாம். அங்கும் மாற்றிப் பார்த்தல் ஆய்வாளன் செய்வது. மொழியில் நிகழ்வது அன்று.

இதன் பௌதிக விளைவு உண்மையானது. ஒரே தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அணுகுவதில்லை. ஒவ்வோர் எலக்ட்ரானைச் சுற்றியும் அதே தற்சுழற்சியுடைய பிறவற்றின் அடர்த்தி தாழ்ந்து ஒரு பள்ளம் அமைகிறது. அப்பள்ளத்தில் குறைவுபடும் அளவைக் கூட்டினால் சரியாக ஓர் எலக்ட்ரான் வரும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லே குறைக்கடத்திகளில் எலக்ட்ரான் இல்லாத நிலையையும் குறிக்கிறது. தமிழில் அதற்குத் ‘துளை’ என்பது வழக்கில் உள்ளமையால் இதனைப் ‘பரிமாற்றப் பள்ளம்’ எனப் பிரித்து வழங்குதல் தெளிவுதரும். ஆங்கிலம் ஒரு சொல்லில் குழப்பிய இரண்டைத் தமிழும் குழப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

‘பரிமாற்றம்’ என்ற சொல்லையே மாற்றலாமா என்பது வினா. ‘இடமாற்றம்’ என்றால் எலக்ட்ரான் நகர்வதாகப் பொருள்படும். அது இன்னும் கேடு. பரிமாற்றம் இயற்பியல் தமிழில் ஓரளவு நிலைபெற்ற சொல்லாகையால் அதனை வைத்துக்கொண்டு, முதல் வருகையில் ‘பெயர்க்குறிகளின் பரிமாற்றம்’ என ஓர் அடை சேர்த்தல் போதும்.

எதிரெதிர்ப் பிழைகள்

பரிமாற்ற ஆற்றலைக் கணக்கிட இரண்டு வழிகள் வளர்ந்தன. ஒன்று, ஹார்ட்ரீ 1928-இல் தொடங்கி ஃபாக் 1930-இல் நிறைவாக்கிய வழி. இதில் பரிமாற்றம் ஆர்பிட்டால்களிலிருந்து நேராகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றன் அசைவைக் கண்டு மற்றது விலகும் ஒட்டுறவு இதில் விடுபடுகிறது. மற்றொன்று, அடர்த்தியிலிருந்து செல்லும் வழி. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள அடர்த்தியைப் பார்த்து, அதே அடர்த்தியுள்ள சீரான எலக்ட்ரான் வளிமம் அங்கு இருப்பதாகக் கொண்டு அதன் ஆற்றலை எடுத்துக்கொள்வது. அவ்வளிமத்தின் பரிமாற்ற ஆற்றலுக்கான வாய்பாடு 1930-இல் டிராக் தந்தது. இத்தோராயத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள அடையை ‘உள்ளூர்’ என்று பெயர்க்கும் ஆபத்து உண்டு. ஒரு புள்ளியின் ஆற்றலுக்கு அப்புள்ளியின் அடர்த்தி மட்டுமே போதும் என்பதே அதன் கருத்து. ‘புள்ளிவழித் தோராயம்’ எனலாம். அடர்த்தி எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் கணக்கில் கொண்ட ‘சரிவுத் திருத்தங்கள்’ பின்னர் வந்தன. பெக்கே 1988-இல் வெளியிட்ட பரிமாற்றச் சார்பகமும், லீ, யாங், பார் ஆகிய மூவரும் அதே ஆண்டில் வெளியிட்ட ஒட்டுறவுச் சார்பகமும் அவற்றுள் புகழ்பெற்றவை.

புள்ளிவழித் தோராயத்தின் குறையை ஹைட்ரஜன் அணு தெளிவாகக் காட்டும். அதில் எலக்ட்ரான் ஒன்றே. ஆனால் அடர்த்தியை முகிலாகக் கருதி விலக்கு ஆற்றலைக் கணக்கிட்டால் அம்முகில் தன்னைத்தானே விலக்குவதாக 0.3125 ஹார்ட்ரீ அலகு கிடைக்கிறது. இல்லாத இவ்விலக்கைச் சரியாக நீக்குவதும் பரிமாற்றப் பகுதியின் வேலை. ஃபாக் வழியில் பரிமாற்றம் –0.3125 என வந்து முழுவதையும் நீக்கிவிடுகிறது. தற்சுழற்சியைக் கணக்கில் கொண்ட புள்ளிவழித் தோராயத்தில் அது –0.268 மட்டுமே. எஞ்சும் 0.0445 அலகு ஏறத்தாழ 1.2 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம். ஒட்டுறவுப் பகுதியில் நேரும் வேறொரு பிழை அதில் ஏறக்குறையப் பாதியை ஈடுசெய்கிறது. பிழையைப் பிழை ஈடுசெய்யும் இவ்வியல்பு இத்துறை நெடுகிலும் காணப்படுவது.

அப்படியானால் ஃபாக் பரிமாற்றத்தையே முழுதாக எடுத்துக்கொண்டு, அடர்த்திவழி ஒட்டுறவை அதனோடு கூட்டினால் என்ன? மூலக்கூறுகளில் அது பயன்தரவில்லை. வேதிப்பிணைப்பில் பரிமாற்றப் பள்ளம் இரு அணுக்களிலும் பரந்து கிடக்கும். ஒட்டுறவு அதனை ஓர் அணுவின் பக்கம் சுருக்கும். அடர்த்திவழித் தோராயங்களில் பள்ளம் தொடக்கத்திலேயே சுருங்கியிருப்பதால், பரிமாற்றமும் ஒட்டுறவும் சேர்ந்து சரியாக வருகின்றன. ஒன்றை மட்டும் திருத்தினால் இணக்கம் கெடுகிறது. மறுபுறம், ஒட்டுறவே இல்லாத ஹார்ட்ரீ–ஃபாக் முறையில் ஃபுளூரின் மூலக்கூறு பிணைப்பற்றதாகவே முடிகிறது. இரு தனி ஃபுளூரின் அணுக்களின் ஆற்றல் அம்மூலக்கூறின் ஆற்றலைவிடத் தாழ்ந்து நிற்கிறது. 1996-இல் பெர்டியூ, பர்க், எர்ன்செர்ஹாஃப் மூவரும் 20 சிறு மூலக்கூறுகளின் அணுவாக்க ஆற்றலை ஒப்பிட்டனர். சராசரிப் பிழை, மோலுக்குக் கிலோகலோரியில், ஹார்ட்ரீ–ஃபாக் முறைக்கு 71; புள்ளிவழித் தோராயத்துக்கு 31; சரிவுத் திருத்தத்துக்கு 8. முதல் முறை பிணைப்பைக் குறைத்துக் காட்டுவது, இரண்டாவது மிகைப்படுத்துவது. வேதியியலார் வேண்டுவதோ 1 அல்லது 2.

கலப்பா, கலவையா?

ஒன்று குறைத்தும் ஒன்று மிகுத்தும் காட்டுவதால் இரண்டையும் கலக்கலாம் என்பது எளிதில் தோன்றும் எண்ணம். ஆயினும் கலப்பதற்குக் கோட்பாட்டு அடிப்படை ஒன்று முன்பே இருந்தது. எலக்ட்ரான்களிடையே உள்ள விலக்கு விசையைச் சுழியிலிருந்து தொடங்கி, அடர்த்தி மாறாதவாறு, சிறிது சிறிதாக முழு அளவுக்கு ஏற்றுவதாகக் கற்பனை செய்க. தொடக்கப் புள்ளியில் ஒட்டுறவு இல்லை. அங்கு ஆர்பிட்டால் வழிப் பரிமாற்றமே முழு விடை. இறுதிப் புள்ளியில் அடர்த்திவழித் தோராயம் நன்றாகப் பொருந்தும். உண்மையான ஆற்றல் இவ்வழி நெடுகிலும் எடுத்த சராசரி. 1970-களில் வளர்ந்த இக்கற்பனைப் பாதையின் ஆங்கிலப் பெயரில் வெப்பவியலில் வழங்கும் ஓர் அடை உள்ளது. பாடநூல் வழக்கைப் பின்பற்றி அதனை ‘வெப்பப் பரிமாற்றமில்லா’ எனப் பெயர்த்தால், வெப்பமே இல்லாத இடத்தில் வெப்பம் புகுவதோடு, பரிமாற்றத்தை விளக்க வந்த பாதைக்குப் ‘பரிமாற்றமில்லா’ என்ற பெயரும் வாய்த்துவிடும்! மெதுவாகவும் தொடர்ச்சியாகவும் மாற்றுதல் என்பதே இங்குப் பொருள். ‘மெதுமாற்றப் பாதை’ என்பது போதுமானது.

பெக்கே 1993-இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். முதலாவதில் அப்பாதை நேர்கோடு எனக் கொண்டு, தொடக்கத்தில் அரை, முடிவில் அரை எனக் கலந்தார். இரண்டாவதில் நேர்கோட்டைக் கைவிட்டு, மூன்று எண்களைத் திறந்தவையாக விட்டு, சோதனை முடிவுகளோடு பொருத்திப் பெற்றார். பொருத்தப் பயன்பட்டவை 56 அணுவாக்க ஆற்றல்கள், 42 அயனியாக்க ஆற்றல்கள், 8 புரோட்டான் நாட்டங்கள், 10 அணுக்களின் மொத்த ஆற்றல்கள். கிடைத்த எண்கள் 0.20, 0.72, 0.81. முதலாவது ஃபாக் பரிமாற்றத்தின் பங்கு. ஏனைய இரண்டும் முறையே பரிமாற்றத்திலும் ஒட்டுறவிலும் சரிவுத் திருத்தத்தின் பங்கு. அணுவாக்க ஆற்றலின் சராசரிப் பிழை மோலுக்கு 2.4 கிலோகலோரியாகக் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஃபாக் பரிமாற்றம் என்ற இவ்வளவு எந்தக் கோட்பாட்டிலிருந்தும் வருவிக்கப்பட்டதன்று. அளந்த மதிப்புகளிலிருந்து பெறப்பட்டது. கோட்பாட்டு வழியில் ஓர் எண்ணுக்கு 1996-இல் பெர்டியூ, எர்ன்செர்ஹாஃப், பர்க் ஆகியோர் காரணம் காட்டினர். மெதுமாற்றப் பாதையின் வளைவை மூலக்கூறுகளுக்கு நான்காம் படிவரை கொண்டால் போதும் என்பது அவர்கள் வாதம்; அதிலிருந்து கால் பங்கு என வருகிறது. அரை, ஐந்தில் ஒன்று, கால் எனப் பங்கு மாறிக்கொண்டே வந்திருப்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ள வேண்டும். ஏனெனில் சொல்தேர்வு இங்கேதான் தீர்மானமாகிறது.

‘கலப்பினம்’ என்பதில் இரு பெற்றோரும் ஈந்த பண்புகள் புதிய உயிரில் ஒன்றிவிடும். பங்கை விரும்பியவாறு கூட்டிக் குறைக்க இயலாது. ‘கலவை’ என்பதிலோ உறுப்புகள் எந்த விகிதத்திலும் சேரலாம். சேர்ந்த பின்னும் தம் இயல்பை இழப்பதில்லை. வேதியியலின் முதற்பாடத்திலேயே சேர்மத்தையும் கலவையையும் வேறுபடுத்திக் கற்ற தமிழ் மாணவர்க்கு இது விளக்காமலே விளங்கும். பெக்கேயின் முதற்கட்டுரைத் தலைப்பும் ‘கலத்தல்’ என்ற எளிய சொல்லையே ஆண்டது. மேலும் ‘இனக்கலப்பு’ என்பது ஆர்பிட்டால்களின் சேர்க்கைக்கு நம் பாடநூல்களில் வழங்குவது. மீத்தேனின் கார்பனில் இனக்கலப்பு உண்டு. அம்மூலக்கூறைக் கணக்கிடப் பயன்படுத்திய சார்பகம் கலவையாகவும் இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது ஒரே சொல்லை இரண்டுக்கும் ஆண்டால் வாசகர் திகைப்பார். சீன மொழி இரண்டுக்கும் ‘ட்ஸாஹுவா’ என்பதையே வைத்துக்கொண்டது. அங்கு இது பழகிவிட்டது என்றாலும், பழகாத சொல்லைப் புதிதாக ஆக்குவோர் அத்தொல்லையைத் தாமாக வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு பெயர், இரு பொருள். ஒரு பொருள், பல பெயர்

இத்துறையில் மிகப் பரவலாக அறியப்பட்ட பெயர் ‘பி3எல்ஒய்பி’. ‘பி’ பெக்கேயின் முதலெழுத்து. 3 என்பது மூன்று எண்களைச் சுட்டுவது. எஞ்சிய மூன்று எழுத்துகள் லீ, யாங், பார். ஆனால் இப்பெயருக்குரிய சார்பகத்தைப் பெக்கே அமைக்கவில்லை. அவர் தம் மூன்று எண்களைப் பொருத்தியபோது ஒட்டுறவுக்குப் பயன்படுத்தியது பெர்டியூ, வாங் ஆகியோரின் சார்பகத்தை. 1994-இல் ஸ்டீபன்ஸ், டெவ்லின், சபலோவ்ஸ்கி, ஃபிரிஷ் ஆகிய நால்வர் ஒரு மூலக்கூறின் அதிர்வு நிறமாலையைக் கணக்கிடும் கட்டுரையில் அதனை நீக்கி லீ–யாங்–பார் சார்பகத்தை இட்டனர். எண்களை மீண்டும் பொருத்தவில்லை, பழையனவே நின்றன. நிறமாலைக்காகச் செய்யப்பட்ட அம்மாற்றம் வேதியியல் முழுவதிலும் பரவியது. ‘நேச்சர்’ இதழ் 2014-இல் வெளியிட்ட மிகுதியும் மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகளின் பட்டியலில் லீ–யாங்–பார் கட்டுரை ஏழாவதாகவும் பெக்கேயின் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரை எட்டாவதாகவும் இடம்பெற்றன.

குழப்பம் அத்துடன் நிற்கவில்லை. லீ–யாங்–பார் சார்பகத்தில் புள்ளிவழிப் பகுதியைத் தனியே பிரிக்க இயலாமையால், ஒட்டுறவில் எஞ்சும் 0.19 பங்குக்கு வோஸ்கோ, வில்க், நுசெய்ர் ஆகியோரின் 1980-ஆம் ஆண்டு வாய்பாடு எடுத்துக்கொள்ளப்பட்டது. அக்கட்டுரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்பாடுகள் உள்ளன. காசியன் என்னும் நிரல் மூன்றாவதை எடுத்துக்கொண்டது. கட்டுரையாசிரியர்கள் பரிந்துரைத்ததோ ஐந்தாவது. டர்போமோல், ஆர்க்கா ஆகிய நிரல்களில் அதே பெயர் ஐந்தாவதைக் கொண்ட வடிவத்தைக் குறித்தது. காசியனின் வடிவம் வேண்டுவோர்க்கு அந்நிரல்களில் தனிக் குறிச்சொல் உண்டு. ஆகவே ஒரே மூலக்கூறுக்கு ஒரே பெயருடைய முறையால் இருவர் கணக்கிட்ட மொத்த ஆற்றல்கள் பொருந்தாமற் போகலாம்; இருவரும் தவறிழைத்திருக்க மாட்டார்கள். இது சொற்பொருளியலில் கூறப்படும் ஒப்புருச் சொல்லின் இயல்பே. அகராதியில் ஒப்புருச் சொற்களைத் தனித்தனிப் பதிவாக எண்ணிட்டுக் காட்டுவது போல, இத்தகைய பெயரை எழுதுமிடத்தில் எந்த நிரல், எந்த வடிவம் என்பதையும் எழுதியாக வேண்டும். மொழிபெயர்ப்பில் ‘தேவையற்ற விவரம்’ எனக் கருதி நிரலின் பெயரை விட்டுவிடுவது, கணக்கீட்டை எவரும் மீளச் செய்ய இயலாதவாறு ஆக்கிவிடும்.

எதிர்ப்புறத்தில் ஒருபொருட் பன்மொழியும் உண்டு. கால் பங்கு ஃபாக் பரிமாற்றம் கொண்ட சார்பகம் 1999-இல் அடாமோ, பரோன் ஆகியோரின் கட்டுரையில் ‘பிபிஇ0’ எனப்பட்டது. காசியன் நிரலில் அதுவே ‘பிபிஇ1பிபிஇ’, வேறிடங்களில் ‘பிபிஇஎச்’. சுழியும் ஒன்றும் முரண்படவில்லை. சோதனை முடிவுகளோடு பொருத்தப்பட்ட எண் எதுவும் இல்லை என்பதைச் சுழி சொல்கிறது. கலக்கும் எண் ஒன்று உண்டு என்பதை ஒன்று சொல்கிறது. இத்தகைய பெயர்களை மொழிபெயர்க்காமல் எழுத்துப்பெயர்த்து எழுதுவதே முறை. எண்ணுருவையும் ‘சுழி’, ‘மூன்று’ எனச் சொல்லாக்காமல் எண்ணாகவே விடுதல் வேண்டும்.

‘துல்லியம்’ என்னும் அடை

ஆர்பிட்டால்களிலிருந்து கணக்கிடும் பரிமாற்றத்தை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ‘துல்லியமான’ என்னும் அடைகொடுத்து வழங்குகின்றன. பரிமாற்றத்தின் வரையறையை அது தோராயமின்றி நிறைவேற்றுகிறது என்ற அளவில் அவ்வடை சரி. ஆனால் தமிழில் ‘துல்லியப் பரிமாற்றம் 20 விழுக்காடு’ என்று படிப்பவர், ஏன் 100 விழுக்காடு துல்லியமாகச் செய்யக்கூடாது என்று வினவுவது இயல்பு. அதற்கு விடை மேலே கூறப்பட்டது: பகுதி துல்லியமாவதால் மொத்தம் துல்லியமாவதில்லை. அடை தன் தலைச்சொல்லைத் தாண்டித் தொடர் முழுவதற்கும் புகழ் சேர்த்துவிடுகிறது. ‘ஃபாக் பரிமாற்றம்’ என ஆளின் பெயரால் சுட்டினால் இம்மயக்கம் எழாது.

திண்மங்களில் இப்பங்கின் விளைவு பெரிது. சிலிக்கானின் ஆற்றல் பட்டை இடைவெளி சோதனையில் 1.17 எலக்ட்ரான் வோல்ட். புள்ளிவழித் தோராயம் ஏறத்தாழ அதில் பாதியைத் தரும். ஹார்ட்ரீ–ஃபாக் முறை 6-க்கு மேல் தரும். ஜெர்மானியத்துக்குப் புள்ளிவழித் தோராயம் இடைவெளியே இல்லை என்று கூறி, குறைக்கடத்தியை உலோகமாக்கிவிடுகிறது. கலவைச் சார்பகங்கள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நிற்பன. ஆனால் ஃபாக் பரிமாற்றம் நெடுந்தொலைவு நீளுவதால் திண்மங்களில் கணக்கீட்டுச் செலவு மிகும். 2003-இல் ஹெய்ட், ஸ்குசேரியா, எர்ன்செர்ஹாஃப் மூவரும் விலக்கு விசையைக் குறுந்தொலைவு, நெடுந்தொலைவு என இரண்டாகப் பிரித்துக் குறுந்தொலைவில் மட்டும் ஃபாக் பரிமாற்றத்தைக் கலந்தனர். சிலிக்கானுக்கு ஏறத்தாழச் சோதனை மதிப்பே கிடைத்தது. அவ்வடைக்கு ‘திரையிட்ட’ என்றால் படம் காட்டியதுபோல் ஆகும். உட்கூட்டு எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பைக் குறைப்பதற்கு வேதியியலில் வழங்கும் ‘திரைமறைப்பு’ இங்கும் பொருந்தும். அக்கட்டுரையின் கணக்கீடுகளில் இரு பகுதிகளுக்கும் வெவ்வேறு திரைமறைப்பு அளவுகள் தவறுதலாகப் புகுந்திருந்தமை 2006-இல் திருத்தமாக வெளியிடப்பட்டது. அதன்பின் ‘எச்எஸ்இ03’, ‘எச்எஸ்இ06’ என ஆண்டின் இறுதி எண்கள் பெயரில் சேர்ந்தன. 2004-இல் யனாய், டியூ, ஹேண்டி ஆகியோர் இதற்கு மறுதலையாக, தொலைவு கூடக் கூட ஃபாக் பரிமாற்றத்தின் பங்கு 0.19-இலிருந்து 0.65 வரை உயருமாறு ஒரு சார்பகத்தை அமைத்தனர். மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எலக்ட்ரான் தாவும் கிளர்வுகளுக்கு அது வேண்டியிருந்தது. இரண்டையும் ‘தொலைவு பிரித்த கலவைச் சார்பகங்கள்’ என ஒரே தொகுதியாக வழங்கலாம்; எந்தத் தொலைவில் பங்கு கூடுகிறது என்பதை மட்டும் தனியே சொல்ல வேண்டும்.

இறுதியாக, இச்சொற்களைச் சோதிக்க ஏற்ற இடம் பொன், பாதரசம் போன்ற கன தனிமங்கள். அவற்றின் உட்கூட்டு எலக்ட்ரான்களின் விரைவு ஒளியின் விரைவோடு ஒப்பிடத்தக்கதாகையால் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொன்னின் மஞ்சள் நிறத்துக்கே அது காரணம். அங்கு ஒரே தொடரில் இரண்டு கோட்பாடுகளும் வந்து நிற்கும். சார்பகத்துக்குச் ‘சார்பியல்’ என்ற சொல்லை ஆண்டவர் அத்தொடரைச் ‘சார்பியல் அடர்த்திச் சார்பியல் கோட்பாடு’ என்று எழுத நேரும். ‘சார்பியல் திருத்தம் செய்த அடர்த்திச் சார்பகக் கோட்பாடு’ என்பதில் எது ஐன்ஸ்டைனுக்கு உரியது, எது கோனுக்கு உரியது என்பது படித்த அளவில் தெரிகிறது.